வேண்டாத தபாலை வாசலிலேயே நிறுத்து

அன்புள்ள தம்பிக்கு,

நம் மலாக்காவில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயம். அதை நீ ஒழுங்காகச் செய்கிறாய், மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. வேண்டாத காகிதத்தை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பதுதான் அது.

ஒவ்வொரு தாளுக்கும் மரமும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றியபோது தண்ணீருக்குத் தவித்த மாநிலம் நம்முடையது. இவ்வளவு செலவில் உருவான விளம்பரத்தாள், குழம்பும் சோறும் பட்டு நனைந்துவிட்டால் மறுசுழற்சிக்கும் ஆகாது. குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலியது.

முதலில், வரும் தபாலை இரண்டாகப் பிரி. பெயர் போட்டு வரும் வங்கி, காப்புறுதி விளம்பரங்களை நிறுத்தச் சட்டம் உனக்குத் துணை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43ஆம் பிரிவு: “என் விவரங்களை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்” என்று நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிக்கும் உரிமை யாவருக்கும் உண்டு. தேதியிட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுது. ஒரு பிரதியை வைத்துக்கொள். அதன் பிறகும் நிற்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம்.

பெயரில்லாமல் வரும் பேரங்காடித் தாள்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. துண்டுப்பிரசுரம் போட வேண்டாம் என்று மலாயில் எழுதி வாசல் கேட்டில் மாட்டு.

அடுத்தது, நம் முகவரி வெளியே போகும் வழி. உறுப்பினர் அட்டை, அதிர்ஷ்டக் குலுக்கு என்று படிவம் நீட்டுகிறார்கள். விவரங்களை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதே சட்டம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் பாட்டிக்கு அது எப்படிப் புரியும்? அந்நாளில் வேற்று மொழிக் கடிதம் வந்தால் கிராணியாரிடமோ வாத்தியாரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார்கள். இன்று அந்தப் பொறுப்பு உன்னுடையது. கையெழுத்துக்கு முன் படித்துச் சொல். விளம்பரம் அனுப்பச் சம்மதமா என்று கேட்கும் கட்டத்தில் வேண்டாம் என்று குறிக்கச் சொல்.

மின்கட்டண பில்லைக் கைப்பேசியிலேயே பெறலாம். ஆனால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் மாற்றாதே. பில்லைக் கையில் எடுத்துப்போய்க் கட்டணம் கட்டுபவர்களும், முகவரிச் சான்றாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சேரும் தாளை நனையாமல் கட்டி, பழைய தாள் வாங்க வரும் ‘பேப்பர் லாமா’ லோரிக்கோ நீல மறுசுழற்சித் தொட்டிக்கோ கொடு. பெயர், அடையாள அட்டை எண் உள்ள பகுதியை மட்டும் கிழித்துவிடு.

இந்த வாரமே ஒரு நிறுவனத்துக்கு எழுது. பிறகு பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடு. படித்த பிள்ளை ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல தொண்டு அது.

அன்புடன்,
உன் அக்கா