பிள்ளைக்கு நுண்ணோக்கி வாங்குகிறீர்களா? 40எக்ஸ் லென்ஸைப் பாருங்கள்

அட்டைப்பெட்டியில் '1200 மடங்கு', '2000 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பள்ளி, கல்லூரிகளில் புழங்கும் நுண்ணோக்கிகள் 1000 மடங்குக்கு மேல் புதிதாக எதையும் காட்டுவதில்லை. வீட்டிலிருந்தே உயிரியல் படிக்கும் மாணவருக்குத் தேவைப்படுவது தெளிவான 400 மடங்கு.

தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுபவருக்கு உயிரியலில் செய்முறைத் தேர்வு உண்டு. தேர்வு மையத்தில்தான் முதன்முதலாக நுண்ணோக்கியைத் தொடுகிறார் என்றால், குவியத்தைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுபவர்கள் செய்முறைக்குப் பதிலாக ஒரு எழுத்துத் தேர்வைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் கருவியே வேண்டாம் என்று சில பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தாளிலும் மாதிரியைப் பார்த்து வரைவதும் உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவதும் கேட்கப்படுகின்றன. கண்ணால் செல்லைப் பார்த்துப் பழகிய கை வரையும் படமே வேறு.

10எக்ஸ் கண்ணருகு லென்ஸோடு சேர்ந்து இந்த 400 மடங்கைத் தரும் 40எக்ஸ் பொருளருகு லென்ஸின் உடலில் '40/0.65' என்றும், அதன் கீழே '160/0.17' என்றும் பொறித்திருக்கும். பலர் 40ஐ மட்டும் பார்க்கிறார்கள், முக்கியமானது 0.65. என்.ஏ. என்று சொல்லப்படும் இந்த எண்தான், நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளை லென்ஸ் எவ்வளவு தூரம் பிரித்துக் காட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 0.65 உள்ள லென்ஸ் சுமார் அரை மைக்ரான் இடைவெளி வரை பிரிக்கும். என்.ஏ.வை 1000 ஆல் பெருக்கினால் அந்த லென்ஸில் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம் கிடைக்கும், இங்கே 650. அதற்கு மேல் 25எக்ஸ் கண்ணருகு லென்ஸைச் செருகி '1000 மடங்கு' என்று விற்பது, கைப்பேசியில் ஒரு படத்தை விரல்களால் இழுத்துப் பெரிதாக்குவது போலத்தான்: படம் பெரிதாகும், விவரம் கூடாது. இரண்டாவது வரியில் உள்ள 160 என்பது மில்லிமீட்டரில் குழாயின் நீளம், 0.17 என்பது கவர் ஸ்லிப்பின் தடிமன். இந்த எண்கள் எதுவுமே பொறிக்கப்படாத லென்ஸ் என்றால் வாங்காதீர்கள்.

400 மடங்கில் என்னென்ன தெரியும்? வெங்காயத் தோலின் செல்களும் உட்கருவும், கன்னத்தின் உட்புறச் செல்கள், இலைத்துளைகளின் காப்புச் செல்கள், குளத்து நீரில் நீந்தும் பாரமீசியம், அசிட்டோகார்மைன் சாயமேற்றிய வெங்காய வேர்நுனியில் குரோமோசோம்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பெரும்பாலான செய்முறைகள் இதற்குள் அடங்கிவிடும். தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ரியோ செடியின் இலையடித் தோலை உரித்து, ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள். ஊதா நிறச் செல் உள்ளடக்கம் சுவரைவிட்டுச் சுருங்குவது சாயமே இல்லாமல் 100 மடங்கிலேயே தெரியும். சவ்வூடு பரவலைப் பாடமாகப் படித்த பிள்ளை அதை நேரில் காணும் இடம் இது.

அடுத்தது வெளிச்சம். எல்.இ.டி. விளக்கும் சார்ஜ் ஏறும் பேட்டரியும் உள்ளதாக எடுங்கள், மின்தடையில் கைகொடுக்கும். கண்ணாடி வைத்த பழைய மாடல் மலிவாகக் கிடைத்தால் அதுவும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கண்ணாடியை ஒருபோதும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து. விளக்கைவிட அதற்கு மேலே இருக்கும், ஒளியைக் குவிக்கும் கண்டென்சரையும் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் திரையையும் கவனியுங்கள். நிறமற்ற செல்கள் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்து மறைந்துவிடும். திரையைச் சற்று மூடினால்தான் விளிம்புகள் எழுந்துவரும். 'ஒன்றுமே தெரியவில்லை' என்று பிள்ளைகள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம் கூடிப்போனதுதான்.

கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு வெங்காயத் தோல் ஸ்லைடைத் தயார்செய்து எடுத்துச் செல்லுங்கள். 4எக்ஸில் குவியத்தைப் பிடித்து, 10, 40 என்று மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நுண்திருகை லேசாகத் தொட்டாலே படம் தெளிய வேண்டும்; நடுவில் வைத்த செல் நடுவிலேயே இருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மேடை தானாகக் கீழே இறங்கிக் குவியம் கலைந்தால் அந்தக் கருவி வேண்டாம். 40எக்ஸ் லென்ஸின் முனை ஸ்லைடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிற்கும். ஆகவே இடித்தால் உள்வாங்கும் ஸ்பிரிங் முனை கட்டாயம். ஸ்லைடைத் திருகால் நகர்த்தும் மேடை இருந்தால் நல்லது. இந்தியாவில் அறிவியல் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அரியானாவின் அம்பாலா. அங்கே தயாராகும் மாணவர் மாடல்கள் நம் ஊர் ஆய்வகப் பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. பெயரைவிடச் சோதனையை நம்புங்கள்.

ஒற்றைக்கண் போதுமா, இரட்டைக்கண் வேண்டுமா? தொடர்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பவருக்கு இரட்டைக்கண் களைப்பைக் குறைக்கும். பணம் குறைவென்றால் ஒற்றைக்கண்ணில் நல்ல லென்ஸை எடுங்கள், தரம் குறைந்த இரட்டைக்கண்ணை அல்ல. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எறும்பையும் பூவையும் முழுதாகக் காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி பொருத்தம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும். வயல்வெளிக்கு எடுத்துச்செல்ல அருமையானது, தேர்வுப் பயிற்சிக்குப் போதாது.

கையில் உள்ள தொகை முழுவதையும் கருவியில் கொட்டிவிடாதீர்கள். ஸ்லைடு, கவர் ஸ்லிப், சாஃப்ரனின், அயோடின், ஊசி, பிரஷ் எல்லாம் வாங்க ஒரு பங்கை ஒதுக்குங்கள். மெத்திலீன் நீலம் வண்ணமீன் கடைகளிலேயே கிடைக்கும். அளவிடவும் பழக்குங்கள்: கண்ணருகு லென்ஸில் '10எக்ஸ்/18' என்றிருந்தால் 18ஐப் பொருளருகு லென்ஸின் எண்ணால் வகுக்க வேண்டும். 40எக்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். அதன் குறுக்கே எத்தனை செல்கள் நிற்கின்றன என்று எண்ணினால் ஒரு செல்லின் அளவு கிடைத்துவிடும்.

எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100எக்ஸ் லென்ஸ் எப்போது தேவை? மருத்துவ ஆய்வக நுட்பம், நுண்ணுயிரியல் பக்கம் போக வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால். வெள்ளணுக்களை வகைபிரித்து எண்ணுவதும், மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவதும் அந்த லென்ஸில்தான் நடக்கின்றன. இப்போதே வாங்க வேண்டியதில்லை; லென்ஸ் தாங்கியில் நான்காவது துளை காலியாக இருக்கும் மாடலாக எடுத்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் விற்பவரிடம் சிலிக்கா ஜெல் பைகளையும் கேட்டு வாங்குங்கள். ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுரண்டி எடுக்க முடியாது. உறையால் மூடி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். துடைக்க லென்ஸ் தாள் மட்டும், சட்டை நுனி கூடாது.