விற்பனை பெருகியது, காசு எங்கே? – சென்னை 'ஸ்டேசில்லா' தரும் பாடம்

அப்புத்தளை, எல்ல பகுதிகளில் வீட்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது இன்று பலருக்கும் ஒரு தொழிலாகிவிட்டது. இணையத்தின் மூலம் அறை பிடித்துக் கொடுக்கும் கம்பனிகளுடன் கொடுக்கல் வாங்கல் செய்வோரும் நம்மிடையே உள்ளனர். எனவே இத்துறையில் வளர்ந்து மூடப்பட்ட ஒரு கம்பனியின் வரலாற்றை இவ்வாரம் பார்ப்போம்.

யோகேந்திர வசுபால், அவரது மனைவி ரூபல், சச்சித் சிங்கி ஆகிய மூவர் 2005ஆம் ஆண்டு சென்னையில் 'இனாஸ்ரா' என்ற பெயரில் இதனை ஆரம்பித்தனர். 2010இல் பெயர் 'ஸ்டேசில்லா' ஆனது. முதல் ஏழு வருடங்கள் வரவுக்குள் செலவு என்ற கணக்கிலேயே தொழில் நடந்தது. அதன்பின் வெளி முதலீடு வந்தது. மெட்ரிக்ஸ், நெக்சஸ் போன்ற முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக 3 கோடி டொலருக்கும் அதிகமான பணம் கிடைத்தது.

சிக்கலும் அதன் பின்னர்தான். இந்த வியாபாரத்தின் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். அறை வாடகை 1,000 ரூபா, தரகு 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் விற்பனை 1,000 என்று பதிவாகும். ஆனால் கம்பனிக்குச் சொந்தமானது 150 மாத்திரமே. போட்டிக்காக வாடிக்கையாளருக்கு 200 ரூபா கழிவு கொடுத்தால் ஒவ்வொரு அறைக்கும் 50 ரூபா கைநட்டம். விளம்பரமும் சம்பளமும் வேறு. விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும்! தோட்டத்துக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் நம்மூர்க் கடைக்காரர் சம்பள நாளில் கொப்பியின் மொத்தத்தையா பார்க்கிறார், லாச்சிக்கு வந்ததையா?

2017 பெப்ரவரியில் கம்பனியை மூடும்போது வசுபாலே இதை எழுதினார். கடைசி மூன்று நான்கு வருடங்களாக மொத்த விற்பனைத் தொகையையும் விற்ற அறைகளின் எண்ணிக்கையையும் இலக்காகக் கொண்டு பாதை தவறியதாக ஒப்புக்கொண்டார். (இவ்வளவு வெளிப்படையாக எழுதும் முதலாளிமார் குறைவு.) அவர் சொன்ன இன்னொரு காரணமும் முக்கியமானது. வீடு தருபவர்களைச் சேர்க்கத் தனிச் செலவு, தங்க வருபவர்களைச் சேர்க்கத் தனிச் செலவு. ஒரு பக்கம் வளர்ந்ததால் மறுபக்கம் தானாக வளரவில்லை. போட்டிக் கம்பனிகளின் கழிவு விலைகள் இருந்த இலாபத்தையும் தின்றன.

மூடியதோடு விடயம் முடியவில்லை. விளம்பரம் செய்து கொடுத்த ஒரு நிறுவனம் தனக்கு 1.72 கோடி இந்திய ரூபா வரவேண்டும் என்று முறையிட்டது. கம்பனித் தரப்போ வேலையின் தரத்தைக் காட்டி அத்தொகையை மறுத்தது. இது சிவில் பிணக்கே என்றும் வாதிட்டது. ஆயினும் 2017 மார்ச்சில் வசுபாலைச் சென்னைப் பொலிசார் கைது செய்தனர். சுமார் ஒரு மாதம் கழித்தே அவர் பிணையில் வெளிவந்தார்.