துண்டுக் காகிதமும் அச்சுத் தாளும்



பாலையூற்றிலிருந்து துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வேலைக்குப் போகும் தகப்பன்மார் மாதமுடிவில் சம்பளத்துண்டைக் கொண்டு வருகின்றனர். அதை முழுவதும் வாசிக்கிறோமா? அல்லது கடைசித் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோமா?

ஒருகாலத்தில் நமது மலைநாட்டில் 'துண்டு' என்றாலே தொழிலாளர் அஞ்சினர். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே அது. அடுத்த துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடனோ தொழிலாளியின் தலையிலேயே இருக்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நிறுத்தியது. ஆனால் கடனும் அச்சமும் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

அந்நாளிலே தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர் கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம் அது. அவரோ புடவை வியாபாரிபோல லயங்களுக்குச் சென்று, மக்களின் நிலையை நேரிற் கண்டார். கண்டதை அச்சேற்றினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளும், பல சிறு பிரசுரங்களும் அவர் முயற்சியால் வெளிவந்தன. எழுத்தறியாதார் பலர் அன்றோ? ஆகவே செய்தி பாட்டாகவும் போயிற்று. அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நடுவே நின்று பாடினார்.

அச்சுக்கூடத்து மனிதர் சட்டமியற்றும் சபைக்கும் சென்றார். 1925 முதல் சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதிக்காக அரசாங்க சபையிலும் அவர் குரல் ஒலித்தது. 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என வகுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அதுவும் வெட்டப்பட்டது. சட்டம் மட்டும் போதாது, அதைக் காக்கச் சங்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1931இல் ஹட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' நிருபத்தில் வலியுறுத்தி அப்போது ஏறக்குறைய 40 ஆண்டுகள்.

1947 தேர்தலில் அவர் தோற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே காலமானார். மறு ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் குறை முற்றாகத் தீர 2003வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆம், காகிதம் மனிதனைக் கட்டவும் செய்யும், அவிழ்க்கவும் செய்யும். வாசியாமல் ஒப்பமிடுகிறவனை அது கட்டும். வாசித்து, விளங்கி, பிறருக்கும் சொல்லுகிறவனுக்கு அது துணைநிற்கும்.

வீட்டிற் சிந்திக்க:

1. நம் சம்பளத்துண்டில் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படுவது எவ்வளவு? தொழில்தருநர் செலுத்த வேண்டிய பங்கு எவ்வளவு?
2. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கம் நம் சுற்றாடலில் உண்டா?
3. வாசிக்கத் தெரியாத அயலவருக்கு அவருடைய கடிதத்தை வாசித்து விளக்க நம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோமா?