கும்பினிக்கு நீதிமன்றம் கட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் பற்றிய உன் நாவலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலமாக இருந்த அத்தியாயம் மனசிலேயே நிற்கிறது. விசாரணை அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுது.

அதில் நீதிபதி சுத்தியலைத் தட்டுகிறார். கறுப்பு அங்கி வக்கீல் எழுந்து, கொலைக்கான 302-ஆவது பிரிவு என்கிறார். சுத்தியல் சினிமா தந்தது. நம் கோர்ட்டுகளில் இன்றைக்கும் கிடையாது. அந்த 302 இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1-இல்தான் அமலுக்கு வந்தது. நாயக்கரைத் தூக்கிலிட்டது 1801-இல்.

திண்டுக்கல் 1792-இல், ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. உன் கதை நடக்கும் காலத்தில் இங்கே கலெக்டர் ஹர்டிஸ்; அவருக்கு முதல் வேலை வரி வசூல். சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்கள் 1802-இல் வந்தன. அப்போதும் குற்ற வழக்குகளுக்கு இஸ்லாமியச் சட்டமே அடிப்படை. முஃப்தி ஃபத்வா எழுதித் தருவார். உன் நாயகன் அதையும் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிலிட்டதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய கூட்டணி நடத்திய கோவைக் கோட்டைத் தாக்குதலில் பிடிபட்டவர்களைத் தூக்குக்கு அனுப்பியது ராணுவ நீதிமன்றம். தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்களோடு சண்டை போட்ட அதே பட்டாளத்து அதிகாரிகள்.

அந்த இடத்தில் வக்கீலையும் வாதத்தையும் வைத்தால், கும்பினி தராத நியாயத்தை நீ அதன் பெயரில் வரவு வைக்கிறாய். எனக்கு இது தகவல் பிழையாகப் படவில்லை. செத்தவர்களுக்குச் செய்யும் அநீதியாகவே படுகிறது.

மாடு களவு போனதும் ஊரார் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்களே, அதையும் மாற்று. அன்று ஊருக்குக் காவல்காரர் இருந்தார். அவருக்குக் காவல்கூலி உண்டு. களவு போனதை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கொடுக்கவேண்டும். மாட்டின் விலையைக் கொடுக்க வழியில்லாத ஒரு காவல்காரரை நினைத்துப் பார். அங்கேயே உனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

அடுத்து இன்றைய திண்டுக்கல்லை வைத்து எழுதப்போவதாகச் சொன்னாய். 2024 ஜூலை 1 முதல் கொலைக்குத் தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு. அதில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு உரியது.

நாயக்கரைத் தூக்கிலிட்ட இடமாக நம் ஊர் சொல்வது கோபாலசமுத்திரக் கரையை. நம் ஊர்க்காரர்கள்தான் உன் நாவலை முதலில் வாங்கப்போகிறவர்கள். விசாரணை அத்தியாயத்தைத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்