மின்னஞ்சல் களவு போனால்: தீவகத்தாருக்குச் சில குறிப்புகள்

தீவகத்தில் பல வீடுகளில் மின்னஞ்சல் திறக்கப்பட்டதே கனடா, லண்டன், பாரிஸ் என்று போன பிள்ளைகளுக்காகத்தான். இன்று விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, வங்கி, பேஸ்புக் எல்லாம் அந்த ஒரு முகவரியில் தொங்குகின்றன. அது பிறர் கைக்குப் போனால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தியே மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பறித்துவிடுவார்கள்.

1. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் கணக்கு திறக்கவில்லை, கேட்காமலே இரகசிய இலக்கம் வருகிறது, நீங்கள் எழுதாத கடிதம் ‘அனுப்பியவை’யில் கிடக்கிறது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே பாருங்கள். வழக்கமாக வரும் வங்கிக் கடிதங்கள் திடீரென நின்றுபோனால் இன்னும் கவனம் தேவை. உள்ளே நுழைந்தவர் அவற்றை உங்கள் கண்ணில் படாமல் திருப்பிவிட்டிருக்கலாம்.

2. பதறிப்போய்க் குறிகட்டுவானுக்குப் படகேறி, பட்டணத்துக் கடையொன்றின் கணினியில் கணக்கை மீட்க முயலாதீர்கள். நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் போனையும் இடத்தையும் ஜிமெயிலை நடத்தும் கூகுள் கவனிக்கிறது. நெடுந்தீவில் உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் சொந்தப் போனில் முயன்றால்தான் உரிமையாளர் நீங்கள் என்று நம்ப வைப்பது இலகு. கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தை நீங்களே தேடித் திறவுங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பு வழியாகப் போகவேண்டாம்.

3. தாமதிக்கக் கூடாது. திருடியவர் மீட்பு இலக்கத்தை மாற்றியிருந்தாலும், கூகுளில் பழைய இலக்கத்துக்கே குறியீடு பெறும் வாய்ப்பு 7 நாட்கள் வரை இருக்கக்கூடும்.

4. இந்தக் குறிப்பை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள். உங்கள் கணக்கின் மீட்பு இலக்கம் யாருடையது? எத்தனையோ பெரியவர்களுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவர் கொமினிகேஷன் கடைக்காரர். அவசரத்தில் அவர் தன் இலக்கத்தையே போட்டிருப்பார். அல்லது வெளிநாடு போன மகனின் பழைய சிம் இலக்கம் இருக்கும். நீண்டநாள் பாவிக்காத இலக்கம் வேறொருவருக்குப் போகலாம், அதோடு உங்கள் கணக்கின் சாவியும் போகும். கணக்கு அமைப்பில் ‘பாதுகாப்பு’ பகுதிக்குப் போய் உங்கள் கையிலிருக்கும் இலக்கத்தைப் போடுங்கள். நம்பிக்கையான பிள்ளையொருவரின் மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேருங்கள். மீட்பு இலக்கமுள்ள சிம்மும் உங்கள் அடையாள அட்டையிலேயே பதிவாகியிருக்கட்டும். படகில் ஏறும்போது போன் கடலில் விழுந்தால், மாற்றுச் சிம் எடுக்க அதுதான் வழி.

5. கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. திருடியவர் உங்கள் கடிதங்களின் பிரதி தனக்கு வரும்படி செய்து வைத்திருந்தால், புதிய கடவுச்சொல் அதைத் தடுக்காது. ஜிமெயில் அமைப்புகளில் ‘முன்னனுப்பல்’, ‘வடிகட்டிகள்’ இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத எதுவும் இருந்தால் திரையைப் படம் பிடித்துவிட்டு அழியுங்கள். போன் செயலியில் முன்னனுப்பல் அமைப்பு கிடைக்காது, பிரவுசரில் கணினிப் பக்கமாகத் திறக்கவேண்டும். ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் தெரியாத போனோ கணினியோ இருந்தால் வெளியேற்றுங்கள். குப்பைத் தொட்டியையும் பாருங்கள், அழிக்கப்பட்ட கடிதங்கள் அங்கே 30 நாட்கள் கிடக்கும். வெளிநாட்டுப் பிள்ளை வீடியோ அழைப்பில் வழிகாட்டட்டும். கடவுச்சொல்லை மட்டும் வாயால் சொல்லவேண்டாம்.

6. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒரு குறியீட்டையும் அது கேட்கும். ‘சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி எப்படி வரும்?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் கூகுள் 10 காப்புக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

7. கோயில் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்கவேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். யாகூவிலிருந்து 2013இல் 300 கோடிக் கணக்குகளின் விபரங்கள் களவு போயின. அந்தக் காலத்து யாகூ கடவுச்சொல்லை இன்னும் எங்கேயாவது பாவித்தால் உடனே மாற்றுங்கள்.

8. உறவினருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் சொன்னால் திருடியவரும் வாசிப்பார். ‘ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், அவசரமாகக் காசு அனுப்பு’ என்று உங்கள் பெயரில் கடிதம் வந்தால், குரலைக் கேட்டுக் கதைக்காமல் ஒரு சதமும் அனுப்பக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். உண்டியலில் கைமாறிய காசைத் திருப்பி எடுப்பது மிகக் கடினம்.

9. ‘உங்கள் பார்சல் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள்’ என்று அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிச் செய்திகள் பற்றி அத்திணைக்களமே எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் இதில் எளிதாக ஏமாறும். சந்தேகமென்றால் உங்கள் தபாலகத்தில் கேளுங்கள்.

10. முக்கியக் கடிதங்களை அச்செடுத்து வையுங்கள். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையே தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன.

11. எதையும் அழிக்குமுன் திரையைப் படம் பிடித்து வையுங்கள், முறைப்பாட்டுக்கு அதுவே சான்று. வங்கி இணைந்திருந்தால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். அடுத்து, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழைக்கலாம். பிறர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது இந்தச் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.