அவார் கச்சை அணிகளை இனம் காண…

568 முதல் ஏறத்தாழ 800 வரை, இன்றைய ஹங்கேரியை நடுவாகக் கொண்ட கார்பாத்தியப் படுகையை ஆண்டவர்கள் அவார்கள். தங்கள் வரலாற்றை அவர்கள் எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்கு நிறையச் சொல்பவை, கல்லறைகளில் ஆண்களின் இடுப்பருகே கிடைக்கும் கச்சை அணிகள். அருங்காட்சியகத்திலோ படத்திலோ அவற்றைப் பார்க்கும்போது இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

1. உருவத்தைப் பார்க்கும் முன், அந்தத் துண்டு வாரில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். நீளமாக, ஒரு முனை மட்டும் வளைந்திருந்தால் அது வார்முனை. விரல் நீளம் இருந்தால் முதன்மை வாருக்கு உரியது. சின்னதாக இருந்தால் பக்கவாட்டில் தொங்கிய துணைவார்களுக்கு உரியது. சதுரமோ செவ்வகமோ என்றால் வாரின்மேல் வரிசையாகப் பதித்த வில்லை.

2. நடுவில் ஒடுங்கி இருபுறமும் அகன்ற துண்டை ஆய்வாளர்கள் ‘புரொப்பெல்லர்’ வடிவம் என்பார்கள். 8-ஆம் நூற்றாண்டுக் கச்சைகளில் இதை அடிக்கடி காணலாம்.

3. பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அதுதான். மெல்லிய தகட்டை அச்சின்மேல் அழுத்தி எடுத்திருந்தால், முன்னால் புடைத்தது பின்னால் குழிந்திருக்கும்; அது முற்கால வேலை. ஹங்கேரியின் குன்சென்ட்மார்டோனில் ஒரு பொற்கொல்லரை அவருடைய அச்சுகளோடும் எடைக்கற்களோடும் அடக்கம் செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட கைகளில் பிறந்தவை இவை. கனமாக, வெண்கலத்தில் வார்த்தவை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

4. வார்ப்பு வில்லையில் கழுகு அலகும் சிறகும் விலங்கின் உடலும் கொண்ட கிரிஃபின் இருக்கிறதா? அல்லது நம் கோயில் நிலைகளில் செதுக்கும் கொடிக்கருக்கைப் போன்ற சுருள்கொடி இருக்கிறதா? பிற்கால அவார் கைவேலையின் முத்திரை இவை இரண்டும். உருவத்தைச் சுற்றி உலோகத்தில் திறப்பு விட்டிருப்பார்கள். கச்சை புதிதாக இருந்தபோது அதன் வழியே தோல் தெரிந்திருக்கும். மூலைகளில் ஆணித்துளை தேடுங்கள். சிலவற்றில் ஆணியே இன்னும் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போது, 1,200 ஆண்டுக்கு முன் வாரில் அதை அறைந்த கை நினைவுக்கு வருகிறது.

5. கொக்கி போலத் தெரிந்தும் எதையும் பூட்ட முடியாத பொன் துண்டுகள் உண்டு. அவை போலிக் கொக்கிகள். 7-ஆம் நூற்றாண்டில் மிக உயர்ந்தோர் அணிந்தவை. 1971-இல் ஹங்கேரியின் குன்பாபொனியில் வெளிப்பட்ட கல்லறையில் இவை கிடைத்தன.

6. கொடியையும் இலையையும் கண்டதும் அவார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவார்களுக்குப் பின் அதே படுகைக்கு வந்த மாகியார்களின் 10-ஆம் நூற்றாண்டுக் கச்சைகளிலும் இலைவடிவம் உண்டு. ஆனால் அவற்றில் வெள்ளியும் சின்னச்சின்ன வில்லைகளும் அதிகம்.

7. பச்சைக் களிம்பு படிந்த பழம்பொருளைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. களிம்போடு பொன்முலாமின் மிச்சமும், ஆணியடியில் ஒட்டிய தோல் நாரும் போய்விடும்.

8. விற்பனைக்கு வரும் தனித்துண்டுகளை வாங்காதீர்கள். ஹங்கேரியில் மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுடைமை. எந்த வில்லை எதன் பக்கத்தில், எலும்பின் எந்த இடத்தில் கிடந்தது என்ற குறிப்பை வைத்துத்தான் முழுக் கச்சையையும் மறுபடி கோக்க முடியும். தோல் மக்கிப்போன பிறகு அந்த வரிசையைக் காட்ட வேறு சாட்சி இல்லை.