பரம் குமாரசாமி வழக்கு: விலக்குரிமை யாருக்கு?

பூச்சோங் டோல் சாவடியில் ஒருநாள் ‘டி.சி.’ எண் பலகை பொருத்திய கார் ஒன்று எங்களை முந்திச் சென்றது. “அண்ணா, இவங்கள கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாதாமே?” என்றாள் தங்கை. பெரும்பாலும் முடியாதுதான். வெளிநாட்டுத் தூதர்களுக்கு 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு அது. “நம்ம நாட்டுக்காரருக்கு நம்ம நாட்டுலயே கிடைக்குமா?” என்று அடுத்துக் கேட்டாள். கிடைத்திருக்கிறது, நம்மவர் ஒருவருக்கே.

வழக்கறிஞர் டத்தோ பரம் குமாரசாமி 1994இல் நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரானார். மலேசிய நீதித்துறையைப் பற்றி அவர் அளித்த நேர்காணல் 1995 நவம்பரில் ஓர் ஆங்கில இதழில் வெளிவந்தது. தங்கள் மானம் போயிற்று என்று அவர்மீது நான்கு வழக்குகள் பாய்ந்தன. கேட்கப்பட்ட இழப்பீடு மொத்தம் 280 மில்லியன் வெள்ளி!

அவர் தூதர் அல்லர், ஐ.நா. பணியில் உள்ள நிபுணர். அத்தகையோர் பணியின்பொருட்டுச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு விலக்குரிமை அளிக்கிறது. மலேசியா 1957இலேயே அதை ஏற்றுவிட்டது. அவர் பேசியது பணியின்பொருட்டே என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் தெரிவித்தார். ஆனால், நமது வெளியுறவு அமைச்சு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சான்றிதழில் அந்த முடிவு இடம்பெறவில்லை. 1997 ஜூனில் உயர் நீதிமன்றம் தலைமைச் செயலாளரின் குறிப்பை வெறும் கருத்தாகவே கொண்டது. மேல்முறையீடும் பயன் தரவில்லை.

விவகாரம் தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திற்குப் போனது. 1999 ஏப்ரல் 29இல், 14க்கு 1 என்ற கணக்கில், அவருக்கு விலக்குரிமை உண்டு என்று அது கூறியது. விலக்குரிமைக் கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்பாக, விரைந்து முடிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இடத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். விலக்குரிமை என்பது வழக்கில் வெல்வதன்று. வழக்காடவே தேவையில்லை என்பது. ஆண்டுக்கணக்கில் கோர்ட் படியேறியபின் கிடைத்தால் அதில் பாதி போய்விடுகிறது.

வழக்குத் தொடுத்தவர்களுக்கு மானம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு அத்தகையோரின் குறையைத் தீர்க்க ஐ.நா.வே வழி செய்யவேண்டும் என்கிறது. நீதிக்குத் தடையாகிறது எனக் கண்டால், ஐ.நா.வின் நலனுக்குப் பங்கமில்லாதபோது, தலைமைச் செயலாளர் விலக்குரிமையைக் கைவிடவும் கடமைப்பட்டவர். ஏனெனில், அது தனிமனிதருக்குத் தந்த சலுகை அன்று.

2000 ஜூலையில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அவரது விலக்குரிமையை ஏற்றது. நேர்காணல் வெளிவந்து அப்போது ஐந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.